நாலு நாள் விருந்தும் சின்ன வயிறும்

வாசகி ஒருவர் எழுதிய நீண்ட கடிதத்தின் சாரம் இது. அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை எடுத்துவிட்டேன்.

அவருக்கு வயது 41. உடல் எடையைக் குறைக்க ஏழு மாதங்களுக்கு முன் கேஸ்ட்ரிக் பைபாஸ் அறுவை சிகிச்சை செய்துகொண்டார். இதுவரை 29 கிலோ குறைந்திருக்கிறது. பல வருடங்களாகச் சாப்பிட்டு வந்த சர்க்கரை மாத்திரையை மருத்துவர் நிறுத்திவிட்டார். ஆபரேஷன் நடந்தது கணவருக்கும் தங்கைக்கும் மட்டுமே தெரியும். மற்றவர்களிடம் "டயட் இருந்து இளைத்தேன்" என்று சொல்லி வைத்திருக்கிறார். இப்போது பண்டிகை விடுமுறைக்குக் கணவரின் குடும்பத்தோடு நான்கு நாட்கள் தங்கப் போகிறார். மாமியார் தன் பாசம் முழுவதையும் பரிமாறுவதில்தான் காட்டுபவராம்.

போன மாதம் ஒரு விருந்தில், வெறும் வயிற்றில் இரண்டு இனிப்புகளைச் சாப்பிட்ட கால் மணி நேரத்தில் நெஞ்சு படபடத்து, வியர்த்துக் கொட்டி, வயிற்றைப் பிசைய, குளியலறைத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். மாரடைப்பு என்று பயந்துபோனார். அது அடங்கி இரண்டு மணி நேரம் கழித்துக் கை நடுங்கி, கண் இருட்டிக்கொண்டு வந்திருக்கிறது. அந்தப் பயத்தில் இந்த நான்கு நாட்களுக்கு ஒரு திட்டம் போட்டிருக்கிறார். காலையில் எதுவும் சாப்பிடாமல் விருந்துக்காக வயிற்றைக் காலியாக வைத்திருப்பது. சாப்பிடும்போது நிறையத் தண்ணீர் குடித்து உணவை உள்ளே தள்ளுவது. யாரும் பார்த்துவிடக் கூடாது என்பதால் வைட்டமின் மாத்திரைகளை எடுத்துப் போகாமல் விடுவது. அளவு மீறிவிட்டால் விரலை விட்டு வாந்தி எடுத்துவிடுவது. "ஏற்கெனவே இரண்டு முறை அப்படிச் செய்திருக்கிறேன், ஒன்றும் ஆகவில்லை" என்கிறார்.

அவருடைய கேள்விகள் நான்கு. ஒரு இனிப்புகூடச் சாப்பிடக் கூடாதா? நான்கு நாள் சாப்பாட்டில் வயிறு மறுபடி விரிந்துவிடுமா? ஒரு கிளாஸ் ஒயின் குடிக்கலாமா? ஆபரேஷன் விஷயத்தை எல்லோரிடமும் சொல்லித்தான் ஆக வேண்டுமா?

அன்புச் சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் பாதி இனிப்பைப் பற்றியது. ஆனால் நான் திரும்பத் திரும்பப் படித்தது, வாந்தி எடுத்ததைப் பற்றிப் போகிற போக்கில் நீங்கள் எழுதிய அந்த ஒரு வரியை. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

தயவுசெய்து இனி அதைச் செய்யாதீர்கள். பைபாஸுக்குப் பிறகு அடிக்கடி வாந்தி எடுப்பவர்களுக்கு தயமின் என்கிற வைட்டமின் பி1 குறைந்துபோகும் அபாயம் உண்டு. உடம்பில் அதன் கையிருப்பு இரண்டு மூன்று வாரங்களுக்கு மட்டுமே தாங்கும். அது தீர்ந்தால் நரம்புகளும் மூளையும் பாதிக்கப்படும். பார்வை இரண்டாகத் தெரிவது, நடை தள்ளாடுவது, குழப்பமாகப் பேசுவது ஆகியவை அதன் அறிகுறிகள். உடனே ஊசி மூலம் தயமின் கொடுக்காவிட்டால் பாதிப்பு நிரந்தரமாகிவிடலாம். இரண்டு முறை செய்ததால் உங்களுக்கு இது வந்துவிட்டது என்று நான் சொல்லவில்லை. ஆனால் "ஒன்றும் ஆகவில்லை" என்ற நிம்மதிதான் மூன்றாவது முறைக்கும் நான்காவது முறைக்கும் வழிவிடும். சாப்பிட்டதை வெளியே தள்ளிவிட வேண்டும் என்ற எண்ணம் அடிக்கடி வருகிறது என்றால் அதை உங்கள் அறுவை சிகிச்சைக் குழுவில் உள்ள மனநல ஆலோசகரிடம் சொல்லுங்கள். இதில் வெட்கப்பட எதுவும் இல்லை. இந்த ஆபரேஷன் செய்துகொண்டவர்களில் சிலர் இதைத் தாண்டித்தான் வருகிறார்கள்.

அன்று உங்களுக்கு என்ன நடந்தது

நீங்கள் சொல்லும் இரண்டும் வேறு வேறு விஷயங்கள். பைபாஸில் இரைப்பையின் மேற்பகுதியில் சுமார் 30 மில்லி கொள்ளும் ஒரு சின்னப் பையை உண்டாக்கி, அதை நேராகச் சிறுகுடலோடு இணைத்துவிடுகிறார்கள். முன்பெல்லாம் இரைப்பையின் வாசலில் ஒரு தசை காவல் நின்று, உணவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடலுக்குள் அனுப்பிக்கொண்டிருந்தது. இப்போது உணவு அந்த வழியில் போவதே இல்லை. வெறும் வயிற்றில் போட்ட இனிப்பு ஒரே பாய்ச்சலில் குடலுக்குள் இறங்கிவிடுகிறது. அந்த அடர்த்தியான சர்க்கரை ரத்தத்திலிருந்து தண்ணீரைக் குடலுக்குள் இழுக்கிறது, குடல் உப்புகிறது, சில ஹார்மோன்கள் சுரக்கின்றன. படபடப்பும் வியர்வையும் வயிற்றுப் பிசைவும் அதனால் வந்தவை. இதை டம்பிங் என்கிறோம். சாப்பிட்ட பத்து நிமிடத்திலிருந்து அரை மணி நேரத்துக்குள் பெரும்பாலும் தொடங்கிவிடும்.

இரண்டு மணி நேரம் கழித்து வந்த நடுக்கம் அடுத்த கட்டம். வேகமாக ஏறிய சர்க்கரையைப் பார்த்து உடம்பு தேவைக்கு மேல் இன்சுலினைச் சுரந்துவிட, சர்க்கரை சரேலென்று கீழே இறங்கிவிடுகிறது. உங்களிடம் சர்க்கரை பார்க்கும் கருவி இருக்கும், அதைக் கட்டாயம் எடுத்துப் போங்கள். நடுக்கம் வந்தால் பாருங்கள். 70-க்குக் கீழே இருந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையோ குளுக்கோஸ் மாத்திரையோ எடுத்துக்கொண்டு, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். ஏறியிருந்தால் முட்டை, தயிர் என்று புரதம் உள்ள ஏதாவது கொஞ்சம் சாப்பிடுங்கள். அதை விட்டால் திரும்பவும் இறங்கும். கருவி கையில் இல்லாவிட்டால், பார்க்க முடியவில்லையே என்று காத்திருக்காமல் சர்க்கரையை முதலில் எடுத்துக்கொள்ளுங்கள். நினைவு தப்புகிற அளவுக்குப் போனால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். இது உங்கள் கணவருக்கும் தெரிந்திருக்கட்டும்.

அன்று நடந்தது மாரடைப்பு இல்லை என்றுதான் உங்கள் விவரிப்பிலிருந்து தோன்றுகிறது. ஆனாலும் பல வருடங்கள் சர்க்கரை நோய் இருந்தவர் நீங்கள். இந்தச் சம்பவத்தை மருத்துவரிடம் சொல்லாமல் விட வேண்டாம். நடக்கும்போதோ படி ஏறும்போதோ நெஞ்சில் அழுத்தம் வந்தால் அதை டம்பிங் என்று நீங்களே முடிவு செய்யாதீர்கள்.

திட்டத்தில் திருத்த வேண்டியவை

பட்டினி கிடந்து விருந்துக்கு இடம் ஒதுக்குவது பழைய வயிற்றின் கணக்கு. இந்தப் பைக்கு அது பொருந்தாது. காலையிலிருந்து பட்டினி கிடந்தாலும் மதியம் ஒரு கவளம் கூடுதலாகப் பிடிக்காது. பசியில் வேகமாக விழுங்குவீர்கள், கண்ணில் முதலில் படும் இனிப்பை எடுப்பீர்கள். போன மாதம் நடந்ததும் அதுதான். இன்னொன்றும் இருக்கிறது. ஒரு நாளைக்குக் குறைந்தது 60 கிராம் புரதம் உங்களுக்குத் தேவை. அதை ஒரே வேளையில் அடைக்க முடியாது, மூன்று வேளையாகப் பிரித்தால்தான் உண்டு. காலை உணவை விட்டால் அன்றைய கணக்கில் மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. அது பிறகு திரும்பி வராது. அதனால் விருந்து நாளில் வீட்டில் மற்றவர்கள் எழும் முன்பே இரண்டு முட்டையோ கெட்டித் தயிரோ சாப்பிட்டுவிடுங்கள்.

சாப்பாட்டோடு தண்ணீர் குடித்தால் உணவு வேகமாகக் கீழே போகும் என்பது உண்மைதான். அதனால்தான் வேண்டாம் என்கிறோம். வேகமாகப் போனால் டம்பிங் கூடும், வயிறு நிறைந்த உணர்வு சீக்கிரம் கலைந்து மறுபடி பசிக்கும். தொண்டையில் உணவு அடைத்திருக்கும்போது தண்ணீர் ஊற்றினால் அது மேலே வரும், அல்லது வலிக்கும். சாப்பிடும் முன்பே குடிப்பதை நிறுத்திவிடுங்கள், சாப்பிட்டு அரை மணி நேரம் கழித்துத் தொடங்குங்கள். நாள் முழுக்கச் சிறு சிறு மடக்காக ஒன்றரை லிட்டர் சேர்ந்தால் போதும். விருந்து வீட்டில் இதுதான் முதலில் விட்டுப்போகும். கையில் ஒரு பாட்டில் இருக்கட்டும். குளிர்பானம் வேண்டாம். சர்க்கரை இல்லாதது என்றாலும் அதன் வாயு அந்தச் சின்னப் பையை உப்ப வைக்கும்.

மாத்திரைகளை நான்கு நாள் விட்டால் ஐந்தாம் நாள் குறைபாடு வந்துவிடாது. பயமுறுத்துவதற்காக அப்படிச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. ஆனால் பி12, இரும்பு, கால்சியம், வைட்டமின் டி எல்லாம் உங்களுக்கு ஆயுள் முழுக்கத் தேவைப்படுபவை. யாராவது பார்த்துவிடுவார்களோ என்று இந்த முறை விட்டால், அடுத்த பயணத்திலும் விடுவீர்கள். நாள் வாரியாகப் பிரித்த சின்ன டப்பாவில் போட்டுக்கொள்ளுங்கள். இரும்பையும் கால்சியத்தையும் இரண்டு மணி நேர இடைவெளி விட்டு எடுக்க வேண்டும் என்பது உங்களுக்கே தெரிந்திருக்கும்.

தட்டில் எது, எந்த வரிசையில்

இந்த ஏழாவது மாதத்தில் உங்களுக்கு ஒரு வேளைக்கு அரை கப்பிலிருந்து ஒரு கப் வரை பிடிக்கலாம். அவ்வளவுதான் இடம் என்பதால் எதை முதலில் சாப்பிடுகிறீர்கள் என்பது எல்லாவற்றையும்விட முக்கியம். மீன், கோழி, முட்டை, பருப்பு, பயறு, தயிர் என்று புரதம் இருப்பதை முதலில் சாப்பிடுங்கள். அப்புறம் நன்றாக வெந்த காய்கறி. சோறோ ரொட்டியோ கடைசியில், இடம் இருந்தால் மட்டும். குழைந்த சோறும், மாவுப் பிசுக்குள்ள ரொட்டியும், வறண்ட இறைச்சியும்தான் அதிகமாக அடைத்துக்கொள்பவை. இறைச்சி என்றால் குழம்பிலோ சாறிலோ ஊறிய மென்மையான துண்டாக எடுங்கள், பொரித்ததை எடுக்காதீர்கள். மீன்தான் எல்லாவற்றிலும் சுலபம். பால் குடித்து வயிறு கலங்கினால் பயப்பட வேண்டாம், ஆபரேஷனுக்குப் பிறகு சிலருக்குப் பால் ஒத்துக்கொள்ளாது. அவர்களில் பலருக்குத் தயிர் ஒத்துக்கொள்கிறது.

சுண்டுவிரல் நகம் அளவு கவளம். கூழாகும் வரை மெல்லுங்கள், அப்புறம் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுப் பக்கத்தில் இருப்பவரிடம் ஒரு வார்த்தை பேசுங்கள். இருபது நிமிடத்திலிருந்து அரை மணி நேரம் வரை இப்படிச் சாப்பிடலாம். விருந்தில் எல்லோரும் பேசிக்கொண்டே சாப்பிடுவது உங்களுக்கு வசதிதான், யாரும் தட்டை எண்ணிக்கொண்டிருக்க மாட்டார்கள்.

எப்போது நிறுத்துவது? "நிறைந்துவிட்டது" என்று தோன்றும்போது நிறுத்தினால் தாமதம். அதற்கு முன்பே உடம்பு சின்னதாக ஒரு குறி காட்டும். சிலருக்கு மூக்கு ஒழுகும், சிலருக்கு விக்கல், சிலருக்குத் தும்மல், சிலருக்கு ஒரு பெருமூச்சு. மூக்கு ஒழுகுவதைக் காரம் என்று நினைத்துக்கொண்டு இன்னும் இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டுத் துன்பப்படுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். உங்கள் குறி எது என்று இப்போதே வீட்டில் கவனித்து வையுங்கள். அது வந்ததும் தட்டை நகர்த்திவிட வேண்டும், ஒரு கவளம் மிச்சமிருந்தாலும்.

விருந்து வேளையைவிட எனக்குக் கவலை தருவது இரண்டு விருந்துகளுக்கு நடுவே இருக்கும் நேரம். பண்டிகை வீட்டில் சாப்பாட்டு மேசை காலியாகவே இருக்காது. மொறுமொறுப்பான தீனி, பிஸ்கட், ஐஸ்கிரீம், வாயில் கரையும் இனிப்பு எல்லாம் அந்தச் சின்னப் பையில் தங்காமல் வழுக்கிக்கொண்டு போகும். வயிறு நிறையாது, அதனால் உடம்பும் நிறுத்தச் சொல்லாது. ஆபரேஷனுக்குச் சில வருடங்கள் கழித்து எடை திரும்பி ஏறியவர்களிடம் கேட்டால், பெரும்பாலும் பெரிய விருந்தைச் சொல்வதில்லை, இந்த ஓயாத கொறிப்பைத்தான் சொல்கிறார்கள். சாப்பாட்டு நேரம் முடிந்ததும் வேறு அறைக்குப் போய்விடுங்கள், குழந்தைகளோடு வெளியே நடந்துவிட்டு வாருங்கள்.

இனிப்பு, ஒயின்

ஒரு இனிப்புகூடக் கூடாதா என்று கேட்டீர்கள். என்றைக்குமே கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். போன மாதம் உங்களைக் கீழே தள்ளியது இனிப்பு மட்டும் இல்லை, வெறும் வயிறும் அளவும் வேகமும் சேர்ந்துதான். புரதம் சாப்பிட்டு முடித்த பிறகு, மிகவும் ஆசைப்பட்ட ஒன்றில் இரண்டு சின்னக் கடி, மெதுவாக. அதுவும் தினமும் வேண்டாம், நான்கு நாட்களில் ஒரு முறை போதும். அப்படியும் படபடப்பு வந்தால், இப்போதைக்கு உங்கள் உடம்பு அதை ஏற்கவில்லை என்று விட்டுவிடுங்கள். பழச்சாறு நல்லதுதானே என்று குடிக்காதீர்கள். கெட்டியான இனிப்பைவிடத் திரவமாகப் போகும் சர்க்கரை இன்னும் வேகமாகக் குடலுக்குள் இறங்கும். தேனுக்கும் இதே கதிதான். சுகர் ஃப்ரீ இனிப்புகளில் சேர்க்கும் சார்பிட்டால், மால்டிட்டால் போன்றவை வயிற்றுப்போக்கையும் உப்புசத்தையும் கொண்டுவரும்.

ஒயின் வேண்டாம். பைபாஸுக்குப் பிறகு மது ரத்தத்தில் வேகமாக ஏறும், முன்பைவிட உயரமாக ஏறும். ஒரு கிளாஸே போதையாகிவிடலாம். கூடவே சர்க்கரை இறங்கினால், போதையில் தள்ளாடுகிறார் என்று நினைத்து யாரும் உதவிக்கு வர மாட்டார்கள். இந்த ஆபரேஷனுக்குப் பின் மதுப் பழக்கத்துக்கு அடிமையாகும் அபாயம் கூடுகிறது என்பதும் தெரிந்த விஷயம்.

சொல்வதா, வேண்டாமா

உங்கள் திட்டத்தை மறுபடி ஒருமுறை பாருங்கள். பட்டினி, தண்ணீர், மாத்திரையை விடுவது, வாந்தி எல்லாமே யாருக்கும் தெரியக் கூடாது என்ற ஒரே இடத்திலிருந்துதான் வருகின்றன. மற்றவர்களைப் போலவே சாப்பிடுவதாகக் காட்டுவதற்கு உங்கள் உடம்பு விலை கொடுக்கிறது.

உங்கள் உடம்பில் நடந்த சிகிச்சை உங்களுடைய விஷயம். அதை யாரிடம் சொல்வது என்று முடிவு செய்யும் உரிமை முழுக்க உங்களுக்குத்தான், மாமியார் வருத்தப்படுவார் என்பதற்காகக்கூடச் சொல்ல வேண்டிய கடமை இல்லை. அதே சமயம், யாருக்குமே தெரியாமல் இருப்பதில் ஆபத்து உண்டு. தலைவலி என்று நீங்கள் சொன்னால் அந்த வீட்டில் யாராவது அன்போடு ஒரு மாத்திரை நீட்டுவார்கள். அது இபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் வகையாக இருந்தால், உங்கள் பையும் குடலும் இணையும் இடத்தில் புண் வரலாம். உங்களுக்குப் பாரசிட்டமால்தான். கணவர் வெளியே போயிருக்கும் நேரத்தில் நீங்கள் மயங்கினால் மருத்துவமனையில் பைபாஸ் என்ற சொல்லைச் சொல்ல ஒருவர் வேண்டும்.

எல்லோரிடமும் சொன்னால் மறைக்கும் பாரம் போகும், ஆனால் "குறுக்கு வழி" என்பது போன்ற பேச்சையும் கேட்க வேண்டி வரலாம். முதல் விருந்திலேயே அதற்கு நீங்கள் தயாராக இருக்க வேண்டியதில்லை. நான் சொல்வது நடுவழி. நம்பிக்கையான ஒருவரிடம், உங்கள் ஓரகத்தியோ நாத்தனாரோ யாராக இருந்தாலும் சரி, முழுவதையும் சொல்லுங்கள். மற்றவர்களிடம், "வயிற்றில் ஒரு ஆபரேஷன் நடந்தது, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் சாப்பிட முடியும், டாக்டர் அப்படித்தான் சொல்லியிருக்கிறார்" என்று நிறுத்திக்கொள்ளுங்கள். இதில் பொய் ஒரு சொல்லும் இல்லை. டயட் என்று சொல்லியதுதான் உங்களை மாட்டிவிட்டது. டயட்டில் இருப்பவரை "இன்றைக்கு ஒரு நாள்தானே" என்று யாரும் வற்புறுத்தலாம். வயிற்றில் ஆபரேஷன் ஆனவரை வற்புறுத்த மாட்டார்கள்.

மாமியாரைப் பற்றி வருத்தமாக எழுதியிருந்தீர்கள். போவதற்கு இரண்டு நாள் முன்பே தொலைபேசியில் பேசி, "அத்தை, எனக்கு மட்டும் மீனை எண்ணெய் குறைவாக, மெத்தென்று செய்து வைப்பீர்களா?" என்று நீங்களே கேளுங்கள். தட்டில் வைத்ததை மறுப்பதைவிட, முன்கூட்டியே ஒன்றைக் கேட்டு வாங்கிச் சாப்பிடுவது அவருக்கும் சந்தோஷமாக இருக்கும். பரிமாறும்போது கணவர் பக்கத்தில் உட்காரட்டும். இரண்டாம் முறை கரண்டி வரும்போது பேச வேண்டியது அவர், நீங்கள் அல்ல.

வயிறு விரியுமா

நான்கு நாள் சாப்பாட்டில் பை விரிந்துவிடாது. அளவு மீறினால் வலியும் குமட்டலும் வரும், அவ்வளவுதான். மாதக் கணக்கில் தொடர்ந்து மீறுவதுதான் பிரச்சினை. திரும்பி வந்த மறுநாளே எடை பார்க்காதீர்கள். ஒன்றிரண்டு கிலோ ஏறியிருந்தால் அது பெரும்பாலும் உப்பும் தண்ணீரும். ஒரு கிலோ கொழுப்புச் சேர ஏறக்குறைய 7,700 கலோரி கூடுதலாக வேண்டும், உங்கள் வயிற்றை வைத்துக்கொண்டு ஒரே விருந்தில் அதைச் செய்ய முடியாது. ஒரு வாரம் கழித்துப் பாருங்கள்.

ஆனால் சிலவற்றுக்குப் பண்டிகை முடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. வயிற்றில் கடுமையான வலி விட்டு விட்டு வந்தாலோ, தணியாமல் கூடிக்கொண்டே போனாலோ உடனே மருத்துவமனைக்குப் போங்கள். எடை நிறையக் குறைந்த பிறகு, பைபாஸ் செய்தவர்களுக்குக் குடல் உள்ளே ஓர் இடுக்கில் சிக்கிக்கொள்வது உண்டு, "அதிகம் சாப்பிட்டுவிட்டேன் போல" என்று படுத்துக் கிடந்தால் குடலுக்கு ரத்த ஓட்டம் நின்றுவிடலாம். கொழுப்பான உணவுக்குப் பின் வலது விலாவுக்குக் கீழே வலித்தால் பித்தப்பைக் கல்லாக இருக்கலாம், வேகமாக இளைத்தவர்களுக்கு அது சகஜம். கறுப்பாக மலம் போனாலும், ஒரு நாள் முழுக்கத் தண்ணீர்கூடத் தங்காமல் வாந்தி வந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். அங்கே குளுக்கோஸ் ஏற்றும் முன் "பைபாஸ் ஆனவர், வாந்தி இருக்கிறது, தயமின் வேண்டும்" என்று கணவர் சொல்ல வேண்டும். இந்த வரியை அவருடைய போனில் எழுதி வைக்கச் சொல்லுங்கள்.

ஊரிலிருந்து வந்ததும் அறுவை சிகிச்சை மருத்துவரைப் பாருங்கள். அடுத்த பரிசோதனைத் தேதி வரட்டும் என்று இருக்க வேண்டாம். நான்கு நாட்களின் சர்க்கரை அளவுகளைக் குறித்துக்கொண்டு போங்கள், போன மாத மயக்கத்தையும் சொல்லுங்கள். அந்த இரண்டு வாந்திகளைப் பற்றியும் நீங்களாகவே அவரிடம் சொல்லிவிடுங்கள்.